புரோட்டிஸ்டுகளும் பூஞ்சைகளும்: வகைப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோட்டிஸ்டா என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

செல்லில் உட்கரு உள்ள உயிரிகளை யூகேரியோட்டுகள் என்கிறோம். அவற்றிலிருந்து விலங்கு, தாவரம், பூஞ்சை மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் புரோட்டிஸ்டா. அமீபா, பாரமீசியம், யூக்ளினா, டயாட்டம், மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், கடலுக்குள் 30 மீட்டருக்கு மேல் வளரும் கெல்ப் என்ற பழுப்புப்பாசி, எல்லாமே இதில் அடக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பைச் சொல்லச் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. "ஒரு செல் உயிரிகள்" என்றால் கெல்ப் இடிக்கும். "நீரில் நீந்துபவை" என்றால் பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கையில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுவுக்குள்ளும் கல்லீரல் செல்லுக்குள்ளும் கழிகிறது. பாரமீசியம் இரை பிடிக்கிறது, டயாட்டம் ஒளிச்சேர்க்கை செய்கிறது, யூக்ளினாவில் பல சிற்றினங்கள் ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன, கரைந்த உணவை உறிஞ்சியும் வாழ்கின்றன.

பூஞ்சை ஒரு வம்சம். ஒரே மூதாதையிடமிருந்து வந்த கூட்டம். புரோட்டிஸ்டா அப்படிப்பட்ட வம்சமே அல்ல. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், கீழே வரும் குழப்பங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

அப்படியானால் அதை ஒரு தனி உலகமாக யார், ஏன் வைத்தார்கள்?

1735இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டு உலகங்களாகப் பிரித்தார். காளானும் பாசியும் அசையாததால் தாவரத்துக்குப் போயின. ஆனால் அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே லேவன்ஹூக் தன் கையால் தேய்த்த லென்ஸின் வழியே ஏரி நீரில் நீந்தும் நுண்ணுயிர்களைப் பார்த்திருந்தார். அவற்றில் சில பச்சையாக இருந்தன, கூடவே நீந்தவும் செய்தன. தாவரவியலாளர்கள் யூக்ளினாவைத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். விலங்கியலாளர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த இழுபறிக்கு முடிவுகட்டத்தான் 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்ற மூன்றாவது உலகத்தை முன்வைத்தார். அதில் பாக்டீரியா, டயாட்டம், சளிப்பூஞ்சை எல்லாம் இருந்தன. கடற்பஞ்சுகளைக்கூட அவர் அதில்தான் வைத்தார். 1938இல் ஹெர்பர்ட் கோப்லாண்ட், உட்கரு இல்லாத பாக்டீரியாக்களைப் பிரித்து மொனிரா என்ற தனி உலகமாக்கினார். ஆனால் பூஞ்சைகளை அவர் புரோட்டிஸ்டாவுக்குள்ளேயே வைத்திருந்தார். 1969இல் ராபர்ட் விட்டேக்கர் வெளியிட்ட ஐந்துலக வகைப்பாடுதான் இன்று பாடப்புத்தகங்களில் நிலைத்திருக்கிறது: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு.

விட்டேக்கர் எதை வைத்துப் பூஞ்சையைப் பிரித்தார்?

முக்கியமாக உண்ணும் முறையை வைத்து. தாவரம் உணவைத் தயாரிக்கிறது, விலங்கு விழுங்குகிறது, பூஞ்சை உறிஞ்சுகிறது. பூஞ்சை இழையின் நுனி ஒரு மரத்துண்டைத் துளைத்துச் செல்லும்போது, நொதிகளை வெளியே சுரந்து மரத்தை அங்கேயே கரைக்கிறது. கரைந்து சர்க்கரையானதை செல் சுவர் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் வயிற்றுக்குள் நடக்கும் செரிமானம் அதற்கு உடம்புக்கு வெளியே நடக்கிறது. பூஞ்சை இழை இழையாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்: உறிஞ்சி வாழ்பவைக்கு மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம். பாறைபோல் கெட்டியாகத் தெரியும் காளான்கூட நெருக்கமாகப் பின்னிய இழைகளால் ஆனதுதான்.

இதோடு வேதியியல் சான்றும் உண்டு. தாவரச் செல் சுவரில் செல்லுலோஸ், பூஞ்சையின் சுவரில் கைட்டின், பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் அதே பொருள். தாவரம் உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது, பூஞ்சை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. நம் கல்லீரல் சேமிப்பதும் கிளைக்கோஜனைத்தான்.

பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கு நெருக்கம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கைட்டின், கிளைக்கோஜன் போன்ற ஒற்றுமைகளை மட்டும் வைத்துச் சொன்னதல்ல இது. 1987இல் தாமஸ் கேவலியர்-ஸ்மித் ஒரு உடற்கூறு ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்: நீந்தும் செல் கொண்ட பூஞ்சைகளில் கசையிழை (செல்லை நகர்த்தும் சாட்டைபோன்ற இழை) பெரும்பாலும் ஒன்றுதான், அது செல்லின் பின்புறம் இருந்து உந்தும். விலங்கின் விந்தணுவும் அப்படியே. 1993இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. விலங்குகளும் பூஞ்சைகளும் சேர்ந்த கிளைக்கு ஒபிஸ்தோகாண்டா என்று பெயர். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இரு வம்சங்களும் பிரிந்தன என்பது இன்றைய கணிப்பு.

இதன் விளைவை மருத்துவமனையில் நேரடியாகப் பார்க்கலாம். பாக்டீரியாவைக் கொல்ல மருந்து கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் அதன் செல் நம்முடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. பூஞ்சையின் செல் நம்முடையதோடு அவ்வளவு ஒத்திருப்பதால், அதைத் தாக்கும் மருந்து நம்மையும் தாக்கிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. அதனால்தான் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளில் பல, பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப்பொருளைக் குறிவைக்கின்றன. நம் சவ்வில் அந்த இடத்தில் கொலஸ்டிரால் இருக்கிறது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் மருந்து நுழைய இருக்கும் இடைவெளி.

சளிப்பூஞ்சை பூஞ்சையா?

இல்லை. அமீபா வம்சம்.

ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சையை ஒரு அகார் தட்டில் வைத்து, ஓரத்தில் ஓட்ஸ் பருக்கை ஒன்றைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. விசிறிபோல் விரிந்த முன்விளிம்பு மெல்ல நகர்ந்து பருக்கையை மூடிக்கொள்ளும். பின்னால் நரம்பு நரம்பாக வலைப்பின்னல். நுண்ணோக்கியில் ஒரு நரம்பைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே சைட்டோபிளாசம் ஒரு திசையில் பாய்ந்து, தயங்கி நின்று, அப்படியே எதிர்த்திசையில் பாயும். இந்த முழுப் பரப்பும் ஒரே செல்தான். குறுக்குச்சுவரே கிடையாது, உள்ளே ஏராளமான உட்கருக்கள். உணவை அது சுற்றி வளைத்து விழுங்குகிறது, பூஞ்சைபோல் வெளியே கரைத்து உறிஞ்சுவதில்லை.

பிறகு ஏன் பூஞ்சையோடு சேர்த்தார்கள்? உணவும் ஈரமும் குறைந்ததும் அது காம்பும் தலையுமாகச் சிறு காளான்போல எழுந்து, விதைபோல் பரவும் ஸ்போர்களைப் பரப்பும். உலர்ந்த மாதிரிகளைச் சேகரித்தவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கட்டம்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆன்டன் டி பாரி இவை விலங்குகளை ஒத்தவை என்று வாதிட்டார். ஆனாலும் விட்டேக்கர் 1969இலும் இவற்றைப் பூஞ்சை உலகிலேயே வைத்தார். இன்று அமீபோசோவாவில் இருக்கின்றன.

உருளைக்கிழங்கின் கருகல் நோயை உண்டாக்குவது பூஞ்சை இல்லையா?

இல்லை. இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகைப்பாட்டில் நேரும் பிழை வயலில் எதிரொலிக்கும் இடம் இது.

இந்த நோயை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பஞ்சத்தாலும் அதையொட்டி வந்த நோய்களாலும் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். நோய்பட்ட இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் பூத்ததுபோல் இருக்கும். இழைகள் உண்டு, ஸ்போர்ப் பைகள் உண்டு, இழைகள் இலைக்குள் புகுந்து உறிஞ்சியே உண்ணும். எப்படிப் பார்த்தாலும் பூஞ்சைதான் என்று தோன்றும்.

செல்லுக்குள் போனால் கதை மாறுகிறது. இதன் சுவரில் முதன்மையாக இருப்பவை குளுக்கன்களும் செல்லுலோஸும், கைட்டின் அல்ல. இழைக்குள் இருக்கும் உட்கருக்கள் இரட்டைமயம், அதாவது ஒவ்வொன்றிலும் இரண்டு தொகுதி குரோமோசோம்கள். பூஞ்சைகளில் பெரும்பாலானவை வளரும் பருவத்தில் ஒற்றைமயம், ஒரே தொகுதிதான். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் குழாய் வடிவில் இருக்கும். பூஞ்சையிலும் நம்மிலும் அவை தட்டையானவை. குளிர்ந்த ஈரத்தில் ஸ்போர்ப் பை திறந்து இயங்கு ஸ்போர்கள் வெளியே வரும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு கசையிழைகள் தெரியும்: ஒன்று வழுவழுப்பானது, மற்றது நுண்மயிர்கள் வரிசையாகப் பதிந்தது. அந்த மயிர்க் கசையிழை ஸ்டிராமினோபைல் வம்சத்தின் அடையாளம். டயாட்டமும் கெல்ப்பும் அதே வம்சம்தான். ஆக, ஊமைசீட்ஸ் என்ற இந்தக் கூட்டத்துக்கு காளானைவிடப் பழுப்புப்பாசியே நெருங்கிய உறவு.

இப்போது மருந்துக்கு வருவோம். பூஞ்சைக்கொல்லிகளில் அசோல் வகை எர்கோஸ்டிரால் தயாரிப்பை முடக்குபவை. ஃபைட்டோஃப்தோரா எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதே இல்லை. தனக்கு வேண்டிய ஸ்டிராலை (அதே வகைக் கொழுப்புப்பொருளை) விருந்தோம்பித் தாவரத்திலிருந்தே, அதாவது தான் தொற்றி வாழும் தாவரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இல்லாத தயாரிப்பை முடக்க முடியாது. மெட்டலாக்சில் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படுவது அதனால்தான். "பூஞ்சை நோய்" என்று மொத்தமாகச் சொல்லி எந்தப் பூஞ்சைக்கொல்லி கிடைத்தாலும் தெளிப்பது பணத்தையும் பயிரையும் சேர்த்து இழக்கும் வேலை.

இதற்கு நேர்மாறாக, புரோட்டிஸ்ட் என்று நினைத்துப் பூஞ்சையானவை உண்டா?

உண்டு. நிமோசிஸ்டிஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1909இல் இதை முதலில் கண்ட கார்லோஸ் சாகஸ், டிரைப்பனோசோமா என்ற ஒட்டுண்ணிப் புரோட்டிஸ்டின் ஒரு பருவம் என்று எண்ணினார். எய்ட்ஸ் பரவிய 1980களில் கடும் நிமோனியாவை உண்டாக்கிப் பலரைக் கொன்றபோதும் மருத்துவ நூல்களில் அது புரோட்டோசோவாதான், அதாவது விலங்கை ஒத்த புரோட்டிஸ்ட். 1988இல் அதன் ரைபோசோம் ஆர்என்ஏவைப் படித்தபோது பூஞ்சை என்று தெரிந்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இந்தப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் இல்லை, கொலஸ்டிரால்தான் இருக்கிறது. அதனால் வழக்கமான பூஞ்சை மருந்துகள் பலிப்பதில்லை. கோ-டிரைமாக்சசோல் என்ற சல்ஃபா கூட்டு மருந்தே இன்றும் முதல் தேர்வு. பெயர் மட்டும் சரியாகிவிட்டால் மருந்து தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மைக்ரோஸ்போரிடியாவும் இப்படித்தான். பட்டுப்புழுவைத் தாக்கும் நோசீமா இந்தக் கூட்டம். அதன் ஸ்போருக்குள் சுருட்டி வைத்த ஒரு நுண்குழல் இருக்கிறது. தூண்டப்பட்டதும் இரண்டு விநாடிக்குள் அது வெளியே பாய்ந்து, விருந்தோம்பிச் செல்லைத் துளைத்து, தன் உள்ளடக்கம் முழுவதையும் அதற்குள் செலுத்திவிடும். மைட்டோகாண்ட்ரியா இல்லாததுபோல் தெரிந்ததால் யூகேரியோட்டுகளிலேயே மிகப் பழைமையானது என்று நினைத்தார்கள். உண்மையில் அது மைட்டோகாண்ட்ரியாவைப் பெரும்பாலும் இழந்து, எச்சத்தை மட்டும் வைத்திருக்கும் ஒட்டுண்ணி. இன்று பூஞ்சைகளுக்குள்ளோ அவற்றுக்கு மிக அருகிலோ வைக்கப்படுகிறது.

இன்று புரோட்டிஸ்டுகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

உலகங்களைவிடப் பெருங்கூட்டங்களாகப் பிரிப்பதே வழக்கமாகிவிட்டது. அனைத்துலகப் புரோட்டிஸ்டவியலாளர் சங்கம் 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வகைப்பாடுகளில் உலகம், தொகுதி, வகுப்பு என்ற படிநிலைகளையே கைவிட்டு, யார் யாருக்கு உறவு என்பதை மட்டும் காட்டுகிறார்கள். முக்கியமான கிளைகள் இவை:

- ஆர்க்கிபிளாஸ்டிடா: சிவப்புப்பாசி, பச்சைப்பாசி, கூடவே நிலத் தாவரங்கள் அனைத்தும்.
- சார்: ஸ்டிராமினோபைல், ஆல்வியோலேட்டா, ரைசேரியா மூன்றும் சேர்ந்தது. டயாட்டம், கெல்ப், ஊமைசீட்ஸ், பாரமீசியம், பிளாஸ்மோடியம், ஃபொராமினிஃபெரா இதில் வரும்.
- அமீபோசோவா: அமீபா, சளிப்பூஞ்சைகள்.
- ஒபிஸ்தோகாண்டா: விலங்கு, பூஞ்சை, இரண்டுக்கும் அருகில் நிற்கும் சில ஒரு செல் உயிரிகள்.
- டிஸ்கோபா, மெட்டமோனாடா: யூக்ளினா, டிரைப்பனோசோமா முதல் கூட்டத்திலும் குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியா இரண்டாவதிலும். முன்பு இவை எக்ஸ்கவேட்டா என்ற ஒரே பெயரில் இருந்தன. அந்தக் கூட்டம் ஒரே வம்சமா என்பதில் இப்போது ஒருமித்த கருத்து இல்லை.

ஹாப்டிஸ்டா, கிரிப்டிஸ்டா போன்ற சிறு கிளைகளும் உண்டு. மரம் இன்னும் முழுமையடையவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் எடுத்த மண்ணில் கிடைத்த ஹெமிமாஸ்டிகோட்டுகள் என்ற நுண்ணுயிர்களின் மரபணுக்களை 2018இல் படித்தபோது, அவை தெரிந்த எந்தக் கிளையிலும் சேராத தனிக் கிளை என்று தெரிந்தது.

பிளாஸ்மோடியம் பாசிகளுக்கு உறவா? நம்பவே முடியவில்லையே.

அதன் செல்லுக்குள்ளேயே சான்று இருக்கிறது. அப்பிகோபிளாஸ்ட் என்ற ஒரு சிறு உறுப்பு அதில் உண்டு, நான்கு சவ்வுகள் சூழ்ந்தது. அது ஒளிச்சேர்க்கைத் திறனை இழந்த பசுங்கணிகம். ஒரு காலத்தில் பிளாஸ்மோடியத்தின் மூதாதை சிவப்புப்பாசி வழிவந்த கணிகத்தைத் தன் உடலுக்குள் கொண்டிருந்தது. பின்னர் ஒட்டுண்ணியாகி வெளிச்சத்தைக் கைவிட்டது. ஆனால் சில கொழுப்புப்பொருள் மூலக்கூறுகளைத் தயாரிக்க அந்த உறுப்பு இன்னும் தேவைப்படுகிறது. விலங்குகளிடம் இல்லாத உறுப்பு என்பதால் மலேரியா மருந்து ஆய்வில் அதற்குத் தனி மதிப்பு.

யூக்ளினாவின் பசுங்கணிகமும் இரவல்தான். அது பச்சைப்பாசியிடமிருந்து வந்தது. மூன்று சவ்வுகள் இருக்கின்றன. பச்சை நிறத்தை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. "ஆல்கா" என்பது வாழ்க்கை முறையைக் குறிக்கும் பெயர்; வம்சப் பெயர் அல்ல.

ஈஸ்ட் ஒரு செல் உயிரிதானே? ஏன் புரோட்டிஸ்டாவில் இல்லை?

வம்சம்தான் காரணம். ஈஸ்ட்டின் முன்னோர்கள் இழைப் பூஞ்சைகள். சர்க்கரை நிறைந்த ஈரச்சூழலில் இழை தேவையில்லாமல் போனதும் ஒரு செல் வாழ்க்கைக்குத் திரும்பியவை. பூஞ்சை மரத்தில் வெவ்வேறு கிளைகளில் இது தனித்தனியாக நடந்திருக்கிறது.

பூஞ்சைகளுக்குள் என்னென்ன தொகுதிகள்?

விவரிக்கப்பட்ட சிற்றினங்களில் பெரும்பான்மை அஸ்கோமைக்கோட்டா. பெனிசிலியம், ஈஸ்ட் எல்லாம் இதில். அடுத்தது பசிடியோமைக்கோட்டா: குடைக்காளான்கள், துருநோய், கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சைகள். தாவர வேர்களோடு கூட்டு வாழ்வதில் பேர்போனவை குளோமெரோமைசீட்டுகள்.

கைட்ரிட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீந்தும் ஸ்போர்களை இன்னும் கைவிடாத பூஞ்சைகள் இவை. கசையிழை இருந்த ஒரே காரணத்துக்காக லின் மார்குலிஸ் போன்ற உயிரியலாளர்கள் இவற்றைப் பூஞ்சை உலகிலிருந்து வெளியேற்றினார்கள். மரபணுச் சான்று திரும்பக் கொண்டுவந்தது. இவற்றில் ஒன்றான பட்ரகோகைட்ரியம், தவளைகளின் தோலைத் தாக்கி, 2019இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி குறைந்தது 501 இருவாழ்வி இனங்களின் வீழ்ச்சிக்குக் காரணமாகியிருக்கிறது. அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போனதாகக் கருதப்படுகின்றன.

பழைய புத்தகங்களில் வரும் சைகோமைசீட்ஸ் இப்போது இல்லை. அது ஒரே வம்சம் அல்ல என்று தெரிந்ததால், 2016இல் மியூக்கரோமைக்கோட்டா, சூபகோமைக்கோட்டா என இரண்டாகப் பிரித்தார்கள். ரொட்டிப் பூஞ்சையான ரைசோபஸ் முதலாவதில் இருக்கிறது.

டியூட்டிரோமைசீட்ஸ் எங்கே போனது?

பாலினப் பருவம் தெரியாத பூஞ்சைகளைத் தற்காலிகமாகப் போட்டுவைத்த இடம் அது. டிஎன்ஏ படிக்க முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் வம்சத்தில் சேர்ந்துவிட்டது, பெரும்பாலானவை அஸ்கோமைக்கோட்டாவில். பாலினப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலிலாப் பருவத்துக்கு இன்னொரு பெயர் என்ற வழக்கத்தையும் 2011இல் மெல்போர்னில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. எமெரிசெல்லா நிடுலன்ஸ், அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என இரு பெயரில் உலவிய பூஞ்சைக்கு இப்போது இரண்டாவது பெயர் மட்டுமே. ஆய்வக அறிக்கைகளில் பெயர்கள் அடிக்கடி மாறுவதற்கு இந்த மறுசீரமைப்பும் ஒரு காரணம்: கேண்டிடா கிளாப்ராட்டா இன்று நாகசியோமைசஸ் கிளாப்ராட்டஸ். அது கேண்டிடா அல்பிகன்ஸைவிட ரொட்டி ஈஸ்ட்டுக்கே நெருக்கமானது.

லைக்கன் எந்த உலகம்?

பூஞ்சையும் பாசியும், அல்லது பூஞ்சையும் சயனோபாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு அது. பெயர் வைக்கும் விதிப்படி லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சையையே குறிக்கும்.

மொத்தம் எத்தனை பூஞ்சைகள் இருக்கின்றன?

விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். உண்மையில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017இல் வந்த மதிப்பீடு.

தேர்வில் ஐந்துலக வகைப்பாட்டை எழுதலாமா?

பாடத்திட்டம் அதைக் கேட்டால் தயங்காமல் எழுதுங்கள். செல் அமைப்பு, உடலமைப்பு, ஊட்டமுறை என்ற அளவுகோல்களை விட்டேக்கர் பயன்படுத்தினார் என்பதைச் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும். உறவுமுறை, பரிணாமம், மரபணு என்று கேள்வி போனால் ஒபிஸ்தோகாண்டாவையும் பெருங்கூட்டங்களையும் கொண்டுவாருங்கள். ஊமைசீட்ஸ், சளிப்பூஞ்சை இரண்டும் எங்கே என்று கேட்டால் மட்டும் உங்கள் பாடப்புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சில புத்தகங்கள் இவற்றைப் பூஞ்சையோடும் சில புரோட்டிஸ்டாவோடும் வைத்திருக்கின்றன.